மெடிக்கல் வரும் மாதம்

இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்னால் ஒருவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். பேசக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். நர்சிங் படிப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த மேடம் திருவொற்றியூர் பக்கம் ஒரு நாளும் வந்திருக்க மாட்டார். இங்கே ஒரு பெண்ணைச் சும்மா உட்கார வைப்பதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. தண்ணீர் லாரி வந்துவிடும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும். "சீக்கிரம் அமுக்கு சிஸ்டர், அடுப்ப சிம்முல வச்சிட்டு வந்துகீறேன்" என்பார்கள். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்தவளுக்கு என்ன காட்டுமோ அதைத்தான் மெஷின் காட்டும். எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

நான் இங்கே அரசு சுகாதார மையத்தில் நர்ஸ். பிறந்தது வளர்ந்தது எல்லாம் காலடிப்பேட்டை. எனக்கு வாய் அதிகம், கோபம் அதற்குமேல் அதிகம். எனக்கும் பிரஷர் உண்டு. காலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் ஊருக்கெல்லாம் உப்பைக் குறை, கோபத்தைக் குறை என்று புத்தி சொல்லக் கிளம்புகிறேன். இதைத் தெரிந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்யாத நோயாளியே இல்லை.

அப்படிக் கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் ஒருத்தி. எண்ணூர் போகும் சாலையோரம் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்கு இட்லி, வடகறி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நல்ல உயரம், கணீரென்ற குரல். வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நின்றுகொண்டே, "சிஸ்டர் மூஞ்சியப் பார்த்தாலே எனுக்கு நூத்தி அறுவது ஏறிப்போவுது" என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. லேஷிங் என்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளின் உச்சியில், வெயிலில், கடல் காற்றில் நின்று செய்யும் வேலை. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருக்கும். பயமும் இருந்திருக்கிறது. அதைக் கவனிக்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

அவளுக்கு அழுத்தம் இறங்கவே இல்லை. மாத்திரை ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியும் நூற்று எழுபது, நூற்று எண்பது என்றே நின்றது. எங்கள் டாக்டர் சின்ன வயசு, நல்ல பையன், நோயாளியைப் பார்த்துப் பேசுகிறவர். காலையில் மட்டும் இருந்த மாத்திரையைக் காலை, மாலை என்று ஆக்கினார். பிறகு வேறொன்றும் சேர்த்தார். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்கச் சொன்னார். அதிலெல்லாம் பெரிய கோளாறு இல்லை. மீதி இருந்தது உப்பு. உப்பு என் இலாகா.

"கருவாடு துன்றியா?"

"கருவாடு இல்லாத சோறு இன்னா சோறு சிஸ்டர்?"

"செத்துப் போவே."

"துன்னுட்டுத்தான சாவுறேன்."

ஆனால் விட்டுவிட்டாள். உண்மையாகவே விட்டாள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் போயிற்று. கடையில் வடகறிக்கு உப்பு பார்க்க வேண்டும் என்றால்கூடப் பக்கத்தில் நிற்கும் டிரைவரைத்தான் பார்க்கச் சொல்வாளாம். ஒரு தடவை என் எதிரில் கண்கள் கலங்கச் சொன்னாள், "நாக்கு செத்துப்போச்சி சிஸ்டர், இன்னும் இறங்கலன்னா நான் இன்னாதான் பண்றது?" நான் நம்பவில்லை. திருட்டுத்தனமாய்ச் சாப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் நோயாளி சொல்வதை நம்பாமல் இருப்பதற்கு அனுபவம் என்று பெயர்.

இன்னொன்றும் எனக்குப் புரியாமல் இருந்தது. வருடத்தில் சில வாரங்கள் வரிசையில் பாதிப் பெண்களுக்கு அழுத்தம் எகிறும். நன்றாக இறங்கி வந்தவர்களுக்கும் ஏறும். டாக்டர் வெயில் என்பார், தூக்கம் இல்லை என்பார், மணலி ஆலைகளிலிருந்து வரும் நாற்றத்தால் ராத்திரி மூச்சு விட முடியவில்லை என்று அவர்களே சொல்வார்கள். ஆடி மாதமாக இருந்தால் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருப்பேன்.

அப்படி ஒரு வாரத்தில்தான் அவள், நாள் ஆவதற்கு முன்பே வந்து மாத்திரை கேட்டாள்.

"அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?" என்றேன்.

"மெடிக்கல் வந்துகீது இல்ல."

"யாருக்கு மெடிக்கல்?"

"எங்க வூட்டுக்காரருக்கு. கேட் பாசு புதுசு பண்ண வாணாமா? அதான் ஒரு வாரமா என்னுத அவுருக்குக் குடுத்துனுகீறேன்." உலகத்துக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்ததைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். "இன்னா சிஸ்டர், உனுக்குத் தெரியாதா?"

வரிசையில் இருந்த மற்ற பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தி சிரித்தாள். "எல்லா வூட்லயும் அத்தானே" என்றாள் மூன்றாமவள்.

எல்லா வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டுகளிலும் கான்ட்ராக்டில் வேலை செய்கிற ஆண்களுக்கு வருடாவருடம் உடல் பரிசோதனை. அதில் பிரஷர் இருந்தால் மேலே ஏறும் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள், உள்ளே விடும் கேட் பாஸ் வராது. அதனால் ஆண்கள் யாருக்கும் பிரஷர் கிடையாது. எங்கள் மையத்துக்கு விரலை நசுக்கிக்கொண்டு வருவார்கள், நாய் கடித்து வருவார்கள், காய்ச்சலோடு வருவார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்தாலே, "அத்தெல்லாம் வாணாம் சிஸ்டர், ஊசிய மட்டும் போடு" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். அரசாங்கக் கம்ப்யூட்டரில் பேர் ஏறினால் கான்ட்ராக்டர் பார்த்துவிடுவான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் நம்பவில்லை. நோய் பெண்டாட்டி பெயரில் இருக்கும். பரிசோதனை வந்தால் பெண்டாட்டியின் மாத்திரை புருஷனுக்குப் போகும். அந்த வாரம் அவளுக்கு மாத்திரை இல்லை.

இட்லிக் கடைக்காரியிடம் இன்னும் துருவிக் கேட்டேன். மெடிக்கல் வாரத்தில் மட்டும் இல்லை. அவருக்குத் தலை கனத்தால், முகம் சிவந்தால், மேலே நிற்கும்போது கண் இருட்டியது என்று சொன்னால், அன்றைக்கும் அவள் பங்கு அவருக்குத்தான். டாக்டர் அவளுக்குக் கூட்டிக் கொடுத்த மாலை மாத்திரை அவள் வயிற்றுக்குள் போனதே இல்லை. நாங்கள் மாதக்கணக்காக யோசித்து யோசித்து அளவைக் கூட்டியதெல்லாம், பார்த்தே இராத ஓர் ஆளுக்கு வைத்தியம் செய்ததுதான். அவள் நாக்கைக் கொன்று கருவாட்டை விட்டது எதற்கும் உதவவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். அவரும் அதிர்ந்துதான் போனார். "அவரை வரச் சொல்லுங்க, பார்த்து அவருக்குத் தனியா மருந்து கொடுத்துடலாம்" என்றார்.

"வர மாட்டார் சார். ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க, வெளியில வாங்கிக்கட்டும்."

"பார்க்காம எப்படிச் சிஸ்டர் எழுத முடியும்?"

அவர் சொன்னது சரிதான். நான் சொன்னது தப்புதான். இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள்.

அந்த மெடிக்கல் எப்படி நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். அரசு வேலை கிடைப்பதற்கு முன்னால் ராயபுரம் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் இருந்தேன். கான்ட்ராக்டர்கள் ஆட்களை வேனில் அழைத்துவந்து இறக்குவார்கள். வெயிலில் வரிசையாக நின்றவனைக் கூப்பிட்டு, சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி, உட்காரக்கூட விடாமல் அளப்போம். அதிகம் என்றால், தகுதியில்லை என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வந்தால் மறுபடி வேலைக்கு வரலாம் என்று சட்டம் ஏதாவது இருக்கலாம். அப்படித் திரும்பி வந்த ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. அவன் இடத்தில் வேறு ஆள் ஏறியிருப்பான்.

வீடு வீடாகப் போகும் முறை வந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன். கடற்கரைக்குப் போகும் சந்தில் இரண்டே அறை. காலை ஷிப்ட் முடிந்து புருஷன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். உடம்பு இரும்பு மாதிரிதான் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது. கையை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை.

"எனுக்கு இன்னா நோவு? நல்லாதான கீறேன்."

"நல்லா இருக்கறவருக்கு எதுக்குப் பொண்டாட்டி மாத்திரை?"

அவர் அவளை முறைத்தார். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். "தபாரு சிஸ்டர், தல வலிச்சா ஒன்னு போட்டுக்குவேன். அதுக்கு நான் பேஷண்ட்டா? எம்பேரு ஏறிச்சின்னா பாசு வராது. பாசு வர்லன்னா நீ வந்து சோறு போடுவியா?"

"மேல நிக்கும்போது மயக்கம் வந்தா பாஸ் வந்து புடிக்குமா?"

"அதுக்குத்தான மாத்திர துன்றேன்" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள் பின்னாலேயே ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவளை அன்றைக்கு நடுச்சந்தில் நிறுத்திக் கண்டபடி திட்டினேன். பிரஷர் இருப்பது வெளியே தெரியாது, வலிக்காது, ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால் சும்மா இருந்ததைவிட மோசமாக எகிறும், மூளையில் இரத்தக்குழாய் அடைக்கும் அல்லது வெடிக்கும், கை கால் போகும், பேச்சுப் போகும் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வலிக்காதுன்றியே, அப்பால இன்னா? அவுரு மேல ஏறுறவரு சிஸ்டர். நான் தரையிலதான நிக்கிறேன்."

அவர் விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது, நான் விழுந்தால் தரையில்தானே விழுவேன் என்பது அவள் கணக்கு. அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. "உன்னுத நீ முழுங்கு" என்று மட்டும் மறுபடி மறுபடி சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். எங்கள் பெண்கள் தலையாட்டுவதில் கெட்டிக்காரிகள்.

ஒரு முயற்சி செய்துதான் பார்த்திருக்கிறாள். தன் பேரைச் சொல்லி மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கி வந்து அவருக்குத் தனியாக வைத்திருக்கிறாள். அவர் அட்டையோடு விசிறியடித்துவிட்டாராம். காசு கொடுத்து வாங்கினால் தானும் நோயாளி என்று ஆகிவிடும், அவளுடையதில் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டால் அது தலைவலிக்கு. ஆண்களின் மூளை இப்படி வேலை செய்கிறது. இதை என்னிடம் சொல்லும்போதும் அவளுக்கு அவர்மேல் கோபமில்லை. எனக்குத்தான் அந்த மனுஷனை நாலு அறை விட வேண்டும்போல் இருந்தது.

மெடிக்கலில் அவர் பாஸாகிவிட்டார். "நூத்தி முப்பதுதான் கீதாம்! டாக்டரே பாடி சோக்கா வச்சினுகீறன்னு சொன்னாராம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வரிசையில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். அவளைப் பிடித்து உட்கார வைத்து அளந்தேன். இருநூறைத் தாண்டியிருந்தது. இன்னொரு கையிலும் பார்த்தேன். அதுவும் அப்படியே. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுத்தார். "மாவு அரைச்சி வச்சிகீறேன் சார், புளிச்சிப் பூடும். நாளைக்கி வியாபாரத்த முடிச்சிட்டு ஓடிர்றேன்" என்றாள். என் கையில் மிட்டாயைத் திணித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கடையில் கரண்டி கையிலிருந்து நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. பசி மயக்கம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பெஞ்சில் படுக்க வைத்து, சோடா கொடுத்து, உள்ளங்காலைத் தேய்த்திருக்கிறார்கள். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று காத்திருந்துவிட்டு, பேச்சு குழறுகிறது என்று புரிந்த பிறகு ஆட்டோவில் எங்கள் மையத்துக்குத் தூக்கிவந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். இடது கை வந்தது. வலது கை வரவில்லை. அவள் அந்தக் கையை யாருடையதோபோலப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலை நெடுக நின்றன. சைரன் அடித்துக்கொண்டே நின்றோம். ஒதுங்க எந்த லாரிக்கும் இடம் இல்லை. அவள் கையால் இட்லி தின்ற டிரைவர்கள் அதில் எத்தனை பேரோ. பெரிய ஆஸ்பத்திரியில், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள், சரியான நேரம் சொல்ல ஆள் இல்லை. இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒழுங்காகச் சாப்பிடாதவள் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்குமேல் எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.

புருஷன் மாலையில்தான் வந்தார். துறைமுகத்துக்குள் போகும்போது செல்போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிப்ட் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையுமாக வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். கழுத்தில் அந்தப் புதுப் பாஸ் தொங்கியது. அவள் கட்டில் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பிழைத்துக்கொண்டாள். வலது பக்கம் வரவில்லை. பேச்சில் இரண்டு மூன்று சொல் மட்டும் மிஞ்சியது. கடை போயிற்று, இனி அந்த வீட்டில் சமைக்கிற அரிசி அவர் பாஸிலிருந்துதான் வர வேண்டும். இப்போது வாரம் ஒரு தடவை நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். அவரே குளிப்பாட்டுகிறார், அவரே சமைக்கிறார், அவரே தலை வாரிவிடுகிறார். குறை சொல்ல முடியாது. முதல் தடவை போனபோது, "இனிமே எல்லாம் அவளுக்குத்தான் சிஸ்டர், நான் தொட மாட்டேன்" என்று தானாகவே சொல்லி அழுதார். அவளை அழவிடாதீர்கள், மனசை நோகவிடாதீர்கள், அழுதால் பிரஷர் ஏறும், இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கையையும் நீட்டினார் அன்றைக்கு. அளந்தேன். அளவைப் பார்த்துவிட்டு, மையத்துக்கு வந்து டாக்டரைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். வருகிறேன் என்றார். வரவில்லை.

போன வாரம் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் மாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், ஹெல்மெட் வாசலில் இருந்தது. காலை மாத்திரை இரண்டையும் தாமதமாகத்தான் கொடுத்தார், தட்டில் போட்டு, டம்ளரில் தண்ணீரோடு. அவள் இடது கையால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைத் தட்டின் ஓரத்துக்கு மெதுவாக ஒதுக்கினாள். ஒதுக்கிவிட்டு அவரைப் பார்த்து, "மேல" என்றாள். மிஞ்சிய சொற்களில் அது ஒன்று.

"அதைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்று நான் கத்தினேன்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் துன்ன மாட்டேன்னுதான் சொன்னேன் சிஸ்டர். துன்னலன்னா அழுவுறா. மூச்சு முட்ட அழுவுறா. அழுதா ஏறும்னு நீதான சொன்ன?"

அவள் உதடு ஒரு பக்கம் துடிக்க ஆரம்பித்திருந்தது. அவர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, அவள் குடித்து மீதி வைத்த தண்ணீரைக் குடித்தார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.